தோற்கச் சொல்லப்பட்ட சம்பியன்: யே ஜாவோயிங்

2000 ஆம் ஆண்டு செப்டெம்பர், சிட்னி ஒலிம்பிக். பெண்கள் ஒற்றையர் பட்மிண்டனில் பதக்கம் வாங்க மூன்று பேர் மேடைக்கு வருகிறார்கள். தங்கம் சீனாவின் கோங் ஜிச்சாவுக்கு. வெள்ளி டென்மார்க்கின் கமிலா மார்ட்டினுக்கு. வெண்கலம் இன்னொரு சீன வீராங்கனைக்கு. அவருடைய பெயர் யே ஜாவோயிங். இரண்டு தடவை உலக சம்பியன், மூன்று தடவை ஒல் இங்கிலண்ட் சம்பியன், வயது 26. இந்த மேடையில் நின்ற மூன்று பேரிலும் அதுவரை அதிகம் சாதித்தவர் யார் என்று கேட்டால் பட்மிண்டன் தெரிந்த ஆட்கள் யோசிக்காமல் வெண்கலம் வாங்கியவரைத்தான் காட்டியிருப்பார்கள்.

அரையிறுதியில் அவர் கோங்கிடம் நேர் செட்களில் தோற்றார். அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள், பதிவும் அப்படித்தான் சொல்கிறது. 22 வருடம் கழித்து, 2022 மார்ச்சில், டென்மார்க்கின் ரி.வி. 2 தொலைக்காட்சிக்குக் கொடுத்த பேட்டியில் யே வேறொன்றைச் சொன்னார். அந்த ஆட்டத்தில் தான் தோற்கவில்லை, தோற்கும்படி தனக்குச் சொல்லப்பட்டது என்றார்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் இந்தப் பெயர் முன்னம் தெரியாது. எங்கட வயதுக்காரருக்கு சீன பட்மிண்டன் எண்டால் லின் டான்தான். அவருக்கும் லீ சொங் வெய்க்கும் நடந்த ஆட்டங்களை யூரியூப்பில் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நடந்த அந்தக் கேவலமான இரட்டையர் ஆட்டத்தைப் பற்றி எங்களுக்குள்ளே ஒரு வாக்குவாதம் வந்து, அதைத் தேடி வாசிக்கப் போன இடத்தில்தான் யேயைக் கண்டோம். பிறகு லண்டனை விட்டுவிட்டு இவவின்ர கதையிலேயே நின்றுவிட்டோம்.

யே 1974 மே மாதம் ஹாங்சோ நகரத்தில் பிறந்தவர். அவர் தேசிய அணிக்குள் மேலே வந்த காலம் சீனப் பெண்கள் பட்மிண்டனுக்கு நல்ல காலம் இல்லை. 80களில் லீ லிங்வெய், ஹான் ஐபிங் போன்றவர்கள் உலகத்தையே ஆண்டார்கள். ஆனால் பட்மிண்டன் முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 1992 பார்சிலோனாவில் தங்கம் இந்தோனேசியாவின் சூசி சுசாந்திக்குப் போனது. சீனாவின் டாங் ஜியுஹோங், ஹுவாங் ஹுவா இரண்டு பேருக்கும் வெண்கலம்தான். 1994 ஊபர் கிண்ண இறுதியாட்டத்தில், ஜகார்த்தாவில், இந்தோனேசியா சீனாவை 3–2 என்று வென்றது. முடிவைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் வென்றவர் மியா அவுதினா என்ற 14 வயதுப் பிள்ளை. தோற்றவர் ஜாங் நிங். இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்திருங்கள், கொஞ்சத்தில் திரும்பவும் வரும்.

1996 அட்லாண்டாவிலும் பெண்கள் ஒற்றையரில் சீனாவுக்கு ஒரு பதக்கமும் இல்லை. தென் கொரியாவின் பாங் சூ-ஹியுன் தங்கம், மியா அவுதினா வெள்ளி, சூசி சுசாந்தி வெண்கலம். யே வெறுங்கையோடு திரும்பினார். ஆண்கள் ஒற்றையர் தங்கம் டென்மார்க்கின் போல்-எரிக் ஹோயருக்கு (பின்னாளில் உலக பட்மிண்டன் சம்மேளனத்தின் தலைவரானவர் இவர்தான்). சீனாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் கே பெய், கு ஜுன் இரட்டையர் சோடியுடையது. அதாவது சிட்னிக்குப் போகும்போது ஆண், பெண் இரண்டிலும் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் என்ற ஒன்று சீனாவிடம் இருக்கவே இல்லை. இது தெரியாமல் சிட்னியில் நடந்ததை விளங்கிக்கொள்ள ஏலாது.

ஒலிம்பிக்கை விட்டுப் பார்த்தால், 90களின் நடுப்பகுதியில் இருந்து பெண்கள் ஒற்றையரில் யேதான் எல்லாரும் பயந்த ஆள். 1995 இல் லோசானில் உலக சம்பியன். 1997 இல் கிளாஸ்கோவில் திரும்பவும் உலக சம்பியன். 1997, 1998, 1999 என்று அடுத்தடுத்து மூன்று ஒல் இங்கிலண்ட் பட்டம். உலகத் தரவரிசையில் முதலிடத்திலும் இருந்தவர். 1997 உலக சம்பியன்ஷிப் இறுதியில் அவர் யாரை வென்றார் தெரியுமா? கோங் ஜிச்சாவை. சிட்னியில் எந்த ஆளிடம் தோற்கச் சொல்லப்பட்டதோ அதே ஆள். கோங் மூன்று வயது இளையவர், வேகமானவர், 2000 ஒல் இங்கிலண்டையும் வென்று ஏறுமுகத்தில் இருந்தவர். அந்த வருடம் இரண்டு பேரில் யார் பலம் என்பதை ஒழுங்காக விளையாட விட்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் தெரிந்திருக்கும்.

பேட்டியில் யே சொன்ன கணக்கு இப்படிப் போகிறது. இறுதியாட்டத்தில் எதிரே வரக்கூடிய கமிலா மார்ட்டின் 1999 இல் சொந்த நாட்டில், கொப்பன்ஹேகனில் உலக சம்பியன் ஆனவர். அவரை வெல்ல யேயை விட கோங்குக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று அணித் தலைமை நினைத்தது. ஆகவே அரையிறுதியில் கோங் போகவேண்டும், அதுவும் களைக்காமல் போகவேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமும் வரக்கூடாது.

கோங் இறுதியில் கமிலாவை 13–10, 11–3 என்று வென்றார். இந்த எண்களைப் பார்த்துக் குழம்பவேண்டாம். அப்போது புள்ளி முறை வேறு. சேர்வ் போடுகிற ஆளுக்கு மட்டும்தான் புள்ளி விழும். பெண்கள் ஒற்றையரில் ஒரு செட் 11 புள்ளி, 10–10 என்று வந்தால் 13 வரை நீட்டலாம். இப்போதிருக்கும் 21 புள்ளி முறை 2006 இல்தான் வந்தது. பழைய முறையில் ஒரு ஆள் சேர்வை இழந்துகொண்டே இருந்தால் ஸ்கோர் பலகை அசையாமல் கிடக்கும். சட்டில் கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே விழுந்தால் அது பிழையா, வேண்டுமென்று செய்ததா என்று எந்த நடுவராலும் சொல்ல முடியாது. கிரிக்கெட்டில் ஒரு நோ போல் பிடிபடும். இதில் அப்படி ஒன்றுமே இல்லை. நல்லா விளையாடத் தெரிந்த ஆளுக்குத்தான் நம்பும்படி தோற்கவும் தெரியும் என்பது இதில் உள்ள கொடுமை.

இருபத்திரண்டு வருடம் கழித்து ஒருவர் வந்து இப்படிச் சொன்னால் அப்படியே நம்புவதா? எங்களுக்குள்ளும் இந்தக் கேள்வி வந்தது. அதற்குக் காரணமும் இருக்கிறது. யேயின் கணவர் ஹாவ் ஹாய்டொங், சீன ஆண்கள் உதைபந்தாட்ட அணிக்காக அதிக கோல் அடித்தவர், 2002 உலகக் கிண்ணத்தில் விளையாடியவர். 2020 ஜூன் 4 அன்று, தியனன்மென் நினைவு நாளில், சீனக் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நீங்கவேண்டும் என்ற பிரகடனத்தை அவர் காணொளியில் வாசித்தார். அந்தப் பிரகடனத்துக்குப் பின்னால் நின்றவர்கள் யார் என்று பார்த்தால் ஒருவர் நாட்டை விட்டு ஓடிய கோடீஸ்வரர் குவோ வெங்குயி, மற்றவர் டொனால்ட் ட்ரம்ப்பின் பழைய ஆலோசகர் ஸ்டீவ் பானன். குவோ 2024 இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் தன் சொந்த ஆதரவாளர்களிடம் பண மோசடி செய்ததாகக் குற்றவாளியாகக் காணப்பட்டார். யேயும் ஹாவும் போய்ச் சேர்ந்த கூட்டம் நல்ல கூட்டம் இல்லை. அதை மறைத்து இந்தக் கதையை எழுதினால் அது பிழை.

ஆனால் சேர்ந்த கூட்டத்தை வைத்து சிட்னியில் நடந்ததைத் தள்ளிவிடவும் முடியாது. ஏனென்றால் இதே வேலையைச் செய்ததாக சீன அணியின் தலைமைப் பயிற்சியாளரே வாயால் சொல்லியிருக்கிறார். அதுவும் பெருமையாக.

லீ யொங்போ 1993 இலிருந்து 2017 வரை அந்த அணியை நடத்தியவர். தானும் இரட்டையரில் உலக சம்பியனாக இருந்தவர், பார்சிலோனாவில் வெண்கலம் வாங்கியவர். சிட்னியில் ஐந்து தங்கத்தில் நான்கை சீனாவுக்குக் கொண்டுவந்த திட்டக்காரர் அவர்தான். 2008 இல் சீன அரச தொலைக்காட்சியில் அவர் பேசியது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியைப் பற்றி. அதில் மோதியவர்கள் ஜாங் நிங், சோ மீ இருவரும் சீன வீராங்கனைகள். முதல் செட்டை ஜாங் வென்றதும், இரண்டாவது செட்டில் கடுமையாகப் போராடவேண்டாம், ஜாங்கை இறுதிக்குப் போக விடு என்று சோ மீக்குச் சொன்னோம் என்றார் லீ. இறுதியில் எதிராளி, அதற்குள் நெதர்லாந்துக்காக விளையாடத் தொடங்கியிருந்த மியா அவுதினா. ஆம், பத்து வருடத்துக்கு முந்தைய அதே 14 வயதுப் பிள்ளை. ஜாங் நிங் முதல் செட்டை இழந்து, பிறகு இரண்டையும் எடுத்து, 29 வயதில் தங்கம் வென்றார்.

இந்த ஜாங் நிங்கின் கதை தனியாக எழுதவேண்டிய ஒன்று. ஜகார்த்தாவில் அந்தக் கடைசி ஆட்டத்தைத் தோற்ற பெண், பத்து வருடம் கழித்து அதே ஆளை வென்று, நான்கு வருடம் கழித்து பெய்ஜிங்கில் 33 வயதில் திரும்பவும் தங்கம் எடுக்கிறார். இதைவிட வடிவான ஒரு விளையாட்டுக் கதை எங்கே இருக்கு? ஆனால் இப்போது அதை வாசிக்கேக்க சோ மீயின் அந்த இரண்டாவது செட் இடையில் வந்து நிற்கிறது. ஜாங் எப்படியும் வென்றிருக்கலாம். முதல் செட்டை அவர்தான் எடுத்திருந்தார். அந்த உத்தரவு சோ மீயிடம் இருந்து பறித்ததைப் போலவே ஜாங்கிடம் இருந்தும் ஒன்றைப் பறித்திருக்கிறது. கோங் ஜிச்சாவுக்கும் அப்படித்தான். இறுதியில் கமிலாவை அடித்து வென்ற ஆட்டம் முழுக்க முழுக்க அவருடையது. ஆனாலும் அந்தத் தங்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் இனி யேயின் பெயரும் வரும்.

லீ சொன்னதில் எங்களைக் கூடுதலாக யோசிக்க வைத்தது, அவர் அதை ஒப்புதல் வாக்குமூலம் போலச் சொல்லவில்லை என்பது. நாட்டுக்காகச் செய்த ஒரு புத்திசாலித்தனமான வேலையாகத்தான் சொன்னார். அந்தப் பார்வைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சீனத்தில் இதற்கு 'ரங் சியு' என்று ஒரு சொல்லே உண்டு, பந்தை விட்டுக்கொடுப்பது என்று பொருள். அதைப் பட்மிண்டனுக்கு முன்னமே மேசைப்பந்தில் பார்க்கலாம்.

அதில் எங்களுக்குப் பிடித்த ஆள் ஹே ஜிலி. 1987 இல் டில்லியில் உலக மேசைப்பந்து சம்பியன்ஷிப். அரையிறுதியில் தன் அணியைச் சேர்ந்த குவான் ஜியன்ஹுவாவுக்கு விட்டுக்கொடுக்கும்படி ஹேக்கு உத்தரவு. காரணம் அதே காரணம்தான், இறுதியில் வரும் கொரிய வீராங்கனையை வெல்ல குவான்தான் சரி என்ற கணக்கு. ஹே விட்டுக்கொடுக்கவில்லை. அரையிறுதியையும் வென்றார், இறுதியில் அந்தக் கொரிய வீராங்கனையையும் வென்றார், உலக சம்பியன் ஆனார். கணக்குப் போட்டவர்களின் கணக்கே பிழை என்று நிரூபித்தார். அதற்குப் பரிசாக 1988 சோல் ஒலிம்பிக் அணியில் அவருடைய பெயர் இல்லை. நடப்பு உலக சம்பியன், வீட்டில். பிறகு ஒரு ஜப்பானியரைத் திருமணம் செய்து, கொயாமா சிரே என்ற பெயரில் ஜப்பானுக்காக விளையாடினார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டி இறுதியில் சீனாவின் டெங் யாபிங்கை, அந்தக் காலத்தில் யாராலும் தொட முடியாத டெங் யாபிங்கை, வென்று தங்கம் எடுத்தார். சீனாவில் அவரைத் துரோகி என்று திட்டினார்கள்.

யே ஏன் மறுக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு ஹே ஜிலியின் கதைதான் பதில். 1987 இல் யேக்கு 13 வயது. விளையாட்டுப் பாடசாலைகளில் வளர்ந்த ஒரு சீனப் பிள்ளைக்கு அந்தச் செய்தி எட்டாமல் போயிருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்றும் பார்க்கவேண்டும். சின்ன வயதிலேயே விளையாட்டுப் பாடசாலை, பிறகு மாகாண அணி, பிறகு தேசிய அணி. தங்குமிடம், சாப்பாடு, சம்பளம், பயிற்சி, எந்தப் போட்டிக்குப் போகலாம் என்ற முடிவு, எல்லாம் ஒரே கையில். சர்வதேசப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது வீராங்கனை இல்லை, சங்கம். "மாட்டேன்" என்றால் அடுத்த நாளில் இருந்து விளையாடவே இடம் இருக்காது. இவ்வளவும் தெரிந்த ஒரு ஆளிடம் போய் "தோற்றுவிடு" என்று சொல்லும்போது அதைக் கேட்டுக்கொள்வது என்று சொல்ல ஏலாது.

எங்களில் ஒருவர் இதற்கு எதிராக ஒன்று கேட்டார், நியாயமான கேள்வி. மற்ற விளையாட்டுகளில் இது இல்லையா? சைக்கிள் ஓட்டத்தில் ஒருவர் தலைவர், மற்றவர்கள் அவருக்காகக் காற்றை வெட்டுகிறவர்கள். 2002 இல் ஒஸ்ரியாவில் பெராரி அணியின் பரிக்கெல்லோ, கோட்டுக்குக் கிட்ட வந்து காரை மெதுவாக்கி ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுத்தாரே? கொடுத்தார்தான். ஆனால் அதை முழு உலகமும் கண்ணால் கண்டது, பார்வையாளர்கள் அந்த இடத்திலேயே கூக்குரலிட்டார்கள். சைக்கிளில் ஆட்டமே அணியாக ஆடுவது என்று எல்லாருக்கும் தெரியும். ஒலிம்பிக் சாசனமோ போட்டிகள் தனிநபர்களுக்கும் அணிகளுக்கும் இடையில்தான், நாடுகளுக்கு இடையில் இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறது. ரிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தவன் பார்த்தது ஒரு அரையிறுதி என்று நம்பித்தான்.

இப்போது லண்டன். 2012 ஜூலை 31, வெம்ப்ளி அரங்கு. இரட்டையரில் அந்த முறைதான் முதலில் குழுச் சுற்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். சீனாவின் ஒரு சோடி டென்மார்க்கிடம் தோற்று குழுவில் இரண்டாவதாக வந்துவிட்டது. மற்றச் சீன சோடியான வாங் சியாவோலியும் யு யாங்கும் தங்கள் குழுவில் வென்றால் அரையிறுதியிலேயே சொந்த ஆட்களோடு மோதவேண்டி வரும். எனவே தோற்கப் பார்த்தார்கள். எதிரே நின்ற கொரிய சோடியும் தோற்கப் பார்த்தது. சேர்வ் வலையில் விழுகிறது, சட்டில் வெளியே போகிறது, அரங்கமே ஊளையிடுகிறது, நடுவர் வந்து எச்சரிக்கிறார். அந்தக் காணொளியை முதலில் பார்க்கும்போது நாங்கள் சிரித்தோம். அடுத்த நாள் நான்கு சோடிகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. சீனா ஒன்று, கொரியா இரண்டு, இந்தோனேசியா ஒன்று. லீ யொங்போ பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். யு யாங் விளையாட்டை விடுவதாக வெய்போவில் எழுதினார், பிறகு திரும்பி வந்தார். தகுதி நீக்கப்பட்ட இந்தோனேசிய சோடியில் ஒருவர் கிரேசியா பொலீ, ஒன்பது வருடம் கழித்து டோக்கியோவில் தங்கம் வென்றவர்.

சிட்னியையும் ஏதென்ஸையும் தெரிந்துகொண்டு இதைத் திரும்பப் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு பெண்களும் செய்தது ஏற்கெனவே பன்னிரண்டு வருடமாவது பழகிய வேலை. அவர்கள் செய்த புதிய பிழை ஒன்றே ஒன்று, பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி செய்தது. தண்டனையும் அவர்களுக்குத்தான் வந்தது. லீ அடுத்த ஒலிம்பிக்கிலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

2020 பிரகடனத்துக்குப் பிறகு ஹாவின் வெய்போ கணக்கு காணாமல் போனது. பல மில்லியன் பேர் தொடர்ந்த கணக்கு அது. ஒரு சீன விளையாட்டுப் பத்திரிகை அவரைக் கண்டித்து எழுதியபோது பெயரைக்கூட எழுதவில்லை, 'எச்' என்று ஓரெழுத்தைப் போட்டது. நாட்டுக்காக அதிக கோல் அடித்த ஆளுக்கு மிஞ்சியது ஒரு எழுத்து. கணவரோடு சேர்த்து யேயின் பெயரும் சீன இணையத்தில் இருந்து துடைக்கப்பட்டது. இருவரும் ஸ்பெயினில் இருந்துதான் பேசினார்கள்.

கமிலா மார்ட்டினையும் ஒருக்கா நினைக்கவேண்டும். அவருக்கு யாரும் எந்த உத்தரவும் கொடுக்கவில்லை. அரையிறுதியில் டாய் யுன் என்ற மூன்றாவது சீன வீராங்கனையைத் தன் பலத்தில் வென்று இறுதிக்கு வந்தார். எதிரே வந்தது இன்னொரு அரையிறுதியில் போராடிக் களைத்த ஆள் என்று அவர் நினைத்திருப்பார். யே சொல்வது உண்மையென்றால் எதிரே வந்த ஆளுக்கு அப்படி ஒரு அரையிறுதியே நடக்கவில்லை. முதல் செட்டில் கமிலா 10 புள்ளி வரை போனவர்.

வெண்கலப் பதக்க ஆட்டத்தில் யே அதே டாய் யுன்னை வென்றார். அதன் பிறகு சர்வதேசக் களத்தில் இருந்து ஓய்வு பெற்றார். சிட்னி முடிவுப் பட்டியலைத் தேடினால் இப்போதும் கிடைக்கும். பெண்கள் ஒற்றையர், அரையிறுதி, கோங் ஜிச்சாவ் யே ஜாவோயிங்கை வென்றார், இரண்டு நேர் செட்.